மரியாதை தெரிந்த பழுது

“…விட்டுட்டு அப்புறம் என் தலைய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? கீழ உக்காந்திருக்கிறது தொரை. தொரை தலைக்கு மேல மூட்டையப் பறக்க விட்ட கங்காணின்னு எனக்குப் பேரு வரும். நீங்க கம்பியச் சுருட்டிக்கிட்டுக் கண்டிக்குப் போயிருவீங்க, கம்பிக்காரரே.”

மாரிமுத்துக் கங்காணி இதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் வத்தேகமவுக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு கோப்பித் தோட்டத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தோம். அவர் கை ஒரு கோப்பி மூட்டையின் மேல் இருந்தது. தந்திக் கம்பி பார்க்கிற நான், மலையேறி ஓடிவந்த மூச்சு அடங்காமல் நின்றேன். கீழே பள்ளத்தில் எங்கள் தந்தி இன்ஸ்பெக்டர் துரை, கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டும் ஒரு சின்ன ஊசிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார். கிழக்கு மலைகளில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மூட்டை போகுமா போகாதா என்பதில் ஒரு மனிதனின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அங்கே இல்லை. வத்தேகமத் தந்திக் கந்தோரில், தந்திச் சாவியை அழுத்திப் பிடித்தபடி, நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

தந்தி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் கேட்டார்: அழுத்தம், ஓட்டம், தடை, சுற்று, பூமி என்று புத்தகத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறதே, மனப்பாடம் பண்ணினால் போதுமா என்று. பண்ணுங்கள், கெடுதல் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்தவன் இல்லை. எனக்கு இந்தச் சொற்கள் எல்லாம் ஆட்களின் வாயிலிருந்து வந்தவை. யார் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது. அதனால்தான் மறக்கவில்லை.

அழுத்தத்தை எனக்குச் சொன்னவர் கடுகண்ணாவையில் ஒரு வண்டிக்காரர். ரயில் வந்த புதிது. ஆனாலும் ஏற்றத்தில் மாட்டுவண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கந்தோரில் வரிசையாக நின்ற பற்றரி ஜாடிகளை அவர் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு செம்புத் தகடு, ஒரு துத்தநாகத் தகடு, கொஞ்சம் கரைசல். ஏன் இத்தனை, ஒன்று போதாதா என்று கேட்டார். ஒன்று தள்ளுகிற தள்ளு கண்டியைத் தாண்டாது, ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையில் கோத்தால்தான் தூரம் போகும் என்றேன். அவர் உடனே, “ஏத்தத்துக்கு முன்னால கூடுதலா ஒரு சோடி மாடு பூட்டுவோமே, அதுதானே?” என்றார். அதுதான். ஜாடிகளை வரிசையாகக் கோத்தால் கூடுவது அழுத்தம். அந்த இழுப்பில் நகர்கிற வண்டிகள் ஓட்டம். ஏற்றமும் சேறும் தடை. அதே மாடு, சேறு அதிகமானால் வண்டி குறைவாகத்தான் போகும். பாதை இலேசானால் அதே மாடு வண்டிகளை மளமளவென்று கொண்டுபோய்விடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். இனிமேல் நான் சொல்லப் போவது முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

சுற்றையும் பூமியையும் சொன்னவள் கோப்பிப் பழம் பறிக்கிற ஒரு பெண். கம்பத்தில் ஒரே ஒரு கம்பி போகிறதே, போனது எந்த வழியாகத் திரும்பி வரும் என்று கேட்டாள். அதுவரை எந்தத் துரையும் என்னிடம் கேட்காத கேள்வி. மண் வழியாகத்தான் என்றேன். இரண்டு கந்தோரிலும் ஈரமண்ணில் ஒரு செம்புத் தகட்டைப் புதைத்து வைத்திருக்கிறோம். போகிற பாதை கம்பி, வருகிற பாதை பூமி. அப்படிச் சுற்றி வந்தால்தான் ஓட்டம். நடுவில் எங்கே அறுந்தாலும் ஒன்றும் இல்லை. அவள் யோசித்துவிட்டு, “அப்ப கம்பி நடுவழியிலயே மண்ணத் தொட்டுட்டா, அது அங்கேயே எறங்கி வீட்டுக்குப் போயிருமே” என்றாள். கம்பத்தின் தலையில் பீங்கான் கிண்ணம் வைப்பது எதற்காக என்று இதைவிட நன்றாக யாரும் சொல்லமாட்டார்கள். நடுவழியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் இருக்கத்தான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

வத்தேகமக் கந்தோரில் அப்போது இருந்த தந்திக்காரன் நல்லதம்பி. யாழ்ப்பாணத்துப் பையன், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், கையெழுத்தைப் போலவே அவன் சாவி அடிப்பதும் தெளிவாக இருக்கும். தந்திக்காரனுக்குக் கைதான் எல்லாம். புள்ளியும் கோடுமாக அடிக்கிற அந்தக் கை ‘சரியில்லை’ என்று மேலிடம் எழுதிவிட்டால், இந்தத் தீவில் எந்தக் கந்தோரிலும் அவனுக்குக் கதிரை கிடையாது.

அந்த வருடம் கோப்பி அறுவடை தொடங்கிய உடனே வத்தேகமத் தந்திகள் ஓட்டை ஓட்டையாகக் கண்டிக்கு வர ஆரம்பித்தன. ஒரு சொல் சுத்தமாக வரும், அடுத்த சொல்லில் பாதி இருக்காது. தோட்டத் துரைமார் வண்டி கேட்டு அடித்தால், என்ன கேட்டீர்கள் என்று திரும்பக் கேட்டு இன்னொரு தந்தி போகும். வத்தேகமக் கடைத்தெருவில் அரிசி வியாபாரம் செய்த ஒரு முதலாளி, கண்டியிலிருந்து தனக்கு வந்த விலைத் தந்தியை எடுத்துக்கொண்டு கந்தோருக்கே வந்துவிட்டார். கோபத்திலும் வாயில் நல்ல பேச்சு வருகிற மனிதர். “ஒங்கட கம்பி செய்தி கொண்டு வரல்ல, தம்பி. பல்லுப் போன ஆளுட பேச்சக் கொண்டு வருது” என்று நல்லதம்பியின் மேசையில் காகிதத்தை வைத்துவிட்டுப் போனார்.

கண்டியில் இருந்தவர்கள் பழைய கைகள். அவர்களை யாரும் சந்தேகிக்கவில்லை. வத்தேகமவில் இருந்தவன் புதுக்கை. முறைப்பாடு இன்ஸ்பெக்டர் துரையிடம் போனது.

அவரை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. சென்னைப் பக்கம் கம்பி இழுத்த அனுபவம் உள்ளவர், தமிழ் பேசுவார், அவசரப்பட்டு யாரையும் வீட்டுக்கு அனுப்புகிறவர் அல்ல. கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைத் தாண்டியதிலிருந்து குதிரையில் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கிண்ணத்தையும் துடைக்க வைத்தார். அன்று முழுவதும் தந்தி மணிபோலப் பேசியது. பழுது எங்கும் இல்லை. அவர் திரும்பிப் போன மறுநாள் பல் மறுபடியும் விழுந்தது. இன்னொருமுறை வந்தார். அன்றும் அப்படியே.

இதிலிருந்து அவர் என்ன முடிவுக்கு வருவார் என்று நீங்களே சொல்லுங்கள். நான் வருகிற நாளில் ஒழுங்காக அடிக்கிறான், நான் இல்லாத நாளில் அடிப்பதில்லை. அப்படியென்றால் கம்பியில் குறை இல்லை, குறை மனிதனில். ஒன்று தூங்குகிறான், அல்லது குடிக்கிறான். நியாயமான கணக்கு. நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன். மூன்றாவது தடவையாக வருகிறேன், அப்போதும் கம்பி சுத்தமாக இருந்தால் நல்லதம்பிக்குப் பதில் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். காரணம் என்று எழுதப் போவது: குடி.

வத்தேகமப் பகுதிக் கம்பி என் பொறுப்பில் இருந்தது. செய்தி கேட்டு நல்லதம்பியைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

“துரை வாற நாளிலை கம்பி சுகமாயிருக்கு, அண்ணை. அவர் போனாப் பிறகு காய்ச்சல் வருது. இதை ஆருக்குச் சொன்னாலும் சிரிப்பினம்” என்றான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமையும் சுகம்” என்றான்.

இந்த இரண்டாவது வாக்கியத்தை அவன் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு அது காதில் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களில் வேலை இல்லை. அப்படியென்றால் இந்தப் பழுது மழையாலோ காற்றாலோ வருவது அல்ல. அவற்றுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. இது வேலை நாளுக்கு எழுந்து வேலைக்கு வருகிற பழுது. அது துரைக்கு ஏன் பயப்படுகிறது என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் குறித்த வேளையில் சாவியை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். புள்ளி வேண்டாம், கோடு வேண்டாம், ஓட்டம் மட்டும் நிற்காமல் வரட்டும் என்றேன். ஊசிப்பெட்டி கம்பிக்காரர்களுக்குக் கொடுப்பதில்லை. எனக்கு இருந்தது நாக்கு. கம்பத்தில் ஏறி, கம்பியின் இணைப்பைத் திறந்து, இரண்டு நுனியையும் நாக்கில் வைத்தால் ஓட்டம் நாக்கு வழியாகப் போகும். புளிப்பும் ஊசிக்குத்தும் கலந்த ஒரு சுவை. அந்தக் காலத்துப் பற்றரி பாவம் சாது, நாங்கள் செய்தோம். நீங்கள் செய்யாதீர்கள். இப்போது வருகிற அழுத்தங்களில் நாக்கு மட்டும் இல்லை, ஆளே மிஞ்சமாட்டான்.

வத்தேகமவிலிருந்து வருகிற ஓட்டத்தை எதிர்கொண்டு, கண்டிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கம்பமாக ஏறினேன். சுவை இருக்கும், திடீரென்று அணைந்துவிடும், மறுபடி வரும். கம்பத்துக்குக் கம்பம் இப்படியே போனது. முதலில் சொன்ன கோப்பித் தோட்டத்துப் பள்ளத்துக்குக் கண்டிப் பக்கக் கரையில் உள்ள கம்பத்திலும் அணைந்தது. பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போய் அடுத்த கம்பத்தில் ஏறினேன். அங்கே சுவை அணையவில்லை. மாறாக, அவ்வப்போது நாக்கைக் கடித்தது. கண்ணில் நீர் வருகிற கடி.

இங்கேதான் தம்பிமாரே, புத்தகம் படித்தவர்களும் வழி தவறுகிற இடம். பழுது என்றால் ஓட்டம் குறையும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஓட்டம் கூடுகிற இடத்தைப் பார்த்தால் ஆகா, இங்கே கம்பி நன்றாக இருக்கிறது என்று இறங்கிப் போய்விடுவோம். கடுகண்ணாவை வண்டிக்காரர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். பாதை இலேசானால் அதே மாடு அதிக வண்டியைக் கொண்டுபோகும். கண்டி வரை போய்ப் பூமியில் இறங்க வேண்டிய ஓட்டம், எனக்குப் பக்கத்திலேயே எங்கேயோ மண்ணைத் தொட்டுவிடுகிறது. பாதை குறுகியதால் பெருக்கெடுக்கிறது. கடி அதனால்தான். ஒரு கம்பத்தில் அணைகிறது, அடுத்த கம்பத்தில் கடிக்கிறது என்றால் பழுது இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கம்பத்துக்கும் நடுவில் இருந்தது பள்ளமும் ஆகாயமும்தான்.

இல்லை, இன்னொன்றும் இருந்தது. அந்தத் தோட்டத்தில் உச்சியிலிருந்து பள்ளத்தின் அடியில் இருந்த ஸ்டோருக்கு ஒரு தடித்த இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மூட்டைக் கம்பி என்பார்கள். கோப்பி மூட்டையைக் கொக்கியில் மாட்டி அதில் தொங்கவிட்டால், ஆள் சுமக்காமல் மூட்டை தானாகச் சறுக்கிக்கொண்டு கீழே போய்ச் சேரும். எங்கள் தந்திக் கம்பி அதற்கு மேலே குறுக்காகப் போனது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி. அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்ஸ்பெக்டரும் பார்த்திருக்கிறார். மூட்டை போகும்போது பாரத்தில் அந்தக் கம்பி இன்னும் தாழத்தான் செய்யும். எங்கள் கம்பியைத் தொட வழியே இல்லை.

நாக்கில் கம்பியை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்ததால் எனக்குக் காது மட்டும் இருந்தது. உச்சியிலிருந்து “போகுதேய்” என்று ஒரு கூவல். பிறகு மூட்டை சறுக்குகிற சீறல். பிறகு ஸ்டோரில் பொத்தென்று விழுகிற சத்தம். அதற்குப் பிறகு கடி. அடுத்த கூவல், சீறல், பொத்து, கடி. மூட்டை போகும்போது இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு.

கண்ணைத் திறந்தேன். அடுத்த மூட்டை போனபோது அதைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பறக்கிற மூட்டையின் பின்னால்தான் எல்லார் கண்ணும் போகும். நான் வெறும் கம்பியைப் பார்த்தேன். மூட்டை கீழே போய்க் கொக்கியைவிட்டுக் கழன்றதும், அதுவரை பாரத்தில் வளைந்திருந்த கம்பி சடாரென்று மேலே துள்ளியது. துள்ளி எங்கள் கம்பியைப் போய் அறைந்தது. ஒருமுறை இல்லை, நடுங்கி நடுங்கி நாலைந்து முறை. மூட்டைக் கம்பியின் அடிநுனி ஸ்டோருக்குப் பக்கத்தில் சேற்றில் அறைந்த இரும்பு முளையில் கட்டியிருந்தது. இதைவிட நல்ல பூமி எந்தக் கந்தோரிலும் இல்லை. ஒவ்வொரு மூட்டையும் நல்லதம்பியின் எழுத்துகளில் சிலவற்றைத் தின்றுவிட்டுத்தான் ஸ்டோருக்குப் போனது. அறுவடைக்காக அந்தக் கம்பியைப் புதிதாக இறுக்கியிருந்தார்கள். அதனால்தான் அந்த வருடம் துள்ளல்.

ஓடிப்போய் மாரிமுத்துக் கங்காணியைப் பிடித்தேன். உச்சியில் மூட்டை மாட்டுகிற வேலை அவருடைய ஆட்களுடையது. இன்ஸ்பெக்டர் வந்த நாட்களில் மூட்டை விட்டீர்களா என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தொரை குதிரையில வர்றப்ப எப்படிங்க விடறது? கம்பி கத்துற கத்துல குதிரை மெரண்டு தொரையப் பள்ளத்துல போட்டுடாதா? கீழ்ப் பாதையில ஒரு ஆளு வெள்ளத் துணிய ஆட்டினா நாங்க கையக் கட்டிக்கிட்டு நின்னுருவோம். தொரை திரும்பிப் போயி கண்ணுக்கு மறையற வரைக்கும் அன்னிக்கு ஒரு மூட்டை நகராது.”

அவ்வளவுதான் மர்மம். எந்தத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். துரை வந்தால் வேலை எழுந்து நின்று வணக்கம் சொல்லும். வேலை நின்றால் பழுதும் நின்றது. பழுதைத் தேடி வந்த மனிதரின் தொப்பியைத் தூரத்தில் கண்டதுமே பழுது கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றிருக்கிறது. நீங்கள் நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஆவீர்கள். உங்களுக்காக எல்லாம் ஒழுங்காக நிற்கிற இடத்தில் எதையும் சோதிக்காதீர்கள். சத்தம் போட்டு, தூசி பறந்து, யாரும் உங்களைக் கவனிக்காத நேரத்தில் போய்ப் பாருங்கள். கம்பி அப்போதுதான் உண்மை பேசும்.

மூன்றாம் தடவை இன்ஸ்பெக்டர் வந்தபோது ஆற்றங்கரையிலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். நாக்கால் பார்த்தேன் என்றதும் சிரித்தார். “உன் நாக்கை நான் கொழும்புக்கு அனுப்ப முடியாது. ஊசி விழுவதை நான் பார்க்க வேண்டும்” என்றார். ஒருமுறை விழுந்தால் காற்று என்பார்கள், மூன்று முறை விழட்டும், அந்த இடத்திலிருந்தே அவன் பெயரைத் துடைக்கிறேன் என்றார். மூட்டை சீறினால் மிரளும் என்று குதிரையைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்து வந்தார். இதுவும் அவருக்குத் தோன்றியதுதான், நான் சொல்லவில்லை. பள்ளத்தின் கண்டிப் பக்கத்துக் கம்பத்திலிருந்து இழைகளை இறக்கி ஊசிப்பெட்டியில் பொருத்திக் கொடுத்தேன். ஏற்பாட்டின்படி நல்லதம்பி அங்கே சாவியை அழுத்தினான். ஊசி சாய்ந்து அசையாமல் நின்றது.

“விடச் சொல்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், உச்சியில் உள்ளவர்கள் பார்க்கட்டும் என்று தன் கைக்குட்டையை எடுத்து அவரே ஆட்டினார்.

வெள்ளைக் கைக்குட்டை. அந்த வெள்ளைத் துணி விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

மேலே மொத்த ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். அவர்கள் இன்னும் மரியாதையாக நின்றார்கள். சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கத்திய கத்து பள்ளத்தைத் தாண்டவில்லை. கிழக்கே மழை இறங்க ஆரம்பித்திருந்தது. மழை வந்தால் எல்லாக் கிண்ணமும் நனைந்து, கம்பம் கம்பமாக ஓட்டம் கசியும். அந்தக் கசிவில் எங்கள் பழுதைப் பிரித்துக் காட்ட எந்த ஊசியாலும் முடியாது. இன்னொரு நாள் வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அவருக்கு வேறு பாதைகளும் இருந்தன. இன்று இல்லையென்றால் குடிகாரன் என்று எழுதியாகிவிடும்.

ஊசி விழுந்தால் தொப்பியைத் தூக்குங்கள், துணி மட்டும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு மலையேறி ஓடினேன். உச்சியில் நான் போய் நின்று, விடுங்க என்று சொன்னபோதுதான் மாரிமுத்துக் கங்காணி, தொடக்கத்தில் சொன்னேனே, தன் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டது. துரையே சொல்லித்தான் வந்தேன் என்றேன். துரை வாயால் கேட்கவில்லையே என்றார். துணி ஆடியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மூட்டை அறுந்து விழுந்தால் பொறுப்பு என் தலையில் வராது, அவர் தலையில்தான் வரும். ஆளெடுத்துக் கூட்டிவந்த அத்தனை குடும்பத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

இந்த மூட்டை போகாவிட்டால் வத்தேகமத் தம்பிக்கு வேலை போய்விடும், குடித்துவிட்டுத் தூங்கினான் என்று எழுதப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

கங்காணி மூட்டையிலிருந்து கையை எடுத்தார்.

“யாரு, அந்த யாழ்ப்பாணத்துத் தம்பியா? அது மோர் குடிக்கவே யோசிக்குமே.”

“அவன்தான்.”

“குடிக்கிற எங்களையே இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்ல” என்றார். குரலில் இருந்த கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. தனக்கு வரவேண்டிய பட்டத்தை யாரோ தகுதி இல்லாதவனுக்குக் கொடுக்கப் போவதைப்போலச் சொன்னார். பக்கத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து சிரிப்பு வந்தது. அவர் தலைப்பாகையைக் கழற்றிப் பாறைமேல் வைத்தார். கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மூட்டையின் கட்டைப் பார்த்தார். கீழே பாறையில் உட்கார்ந்திருந்த தொப்பியை ஒருமுறை பார்த்தார்.

“போகுதேய்!”

மூட்டை சீறிக்கொண்டு போனது. துரையின் தலைக்கு நேர் மேலே, கருமேகத்துக்குக் கீழே, ஒரு தடித்த பறவை மாதிரி. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோரில் பொத்தென்ற சத்தம். கம்பி துள்ளியது. நாங்கள் அத்தனை பேரும் கீழே அந்தத் தொப்பியைப் பார்த்தோம்.

துரை தொப்பியைத் தூக்கினார்.

தூக்கிப் பிடித்தபடியே, இன்னொரு கையால் இன்னும் என்று காட்டினார். இரண்டாவது மூட்டை போனது. தொப்பி மறுபடி உயர்ந்தது. மூன்றாவதற்கு அவர் எழுந்தே நின்றுவிட்டார். தொப்பியை அப்படியே தலைக்கு மேலே ஆட்டினார், பந்தயத்தில் குதிரை ஜெயித்ததைப் பார்த்தவர் மாதிரி.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் அந்தப் பாறையில் இருந்தபடியே, இழை நுனிகளைத் தொட்டும் விட்டும், கம்பி வழியாக நல்லதம்பிக்குத் தானே அடித்தார்: உன் கை சுத்தம். அதை இரண்டு தாளில் எழுதி, ஒன்றைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதாக நல்லதம்பி பிறகு என்னிடம் சொன்னான். அந்தக் கிழமையே பள்ளத்தின் இரண்டு கரையிலும் உயரமான கம்பம் நட்டோம். அரிசி முதலாளிக்குப் பல்லெல்லாம் முளைத்த தந்தி வந்தது, அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்லதம்பி அதற்குப் பிறகு கண்டிக்கு மாறி, உங்களில் சிலருக்குச் சாவி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்குச் சாவி பிடிக்கக் கற்றுக்கொடுத்தான்.

ஆனால் அன்று, மூன்றாவது தடவை தொப்பி ஆடியபோது, இதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. உச்சியில் யாருக்கும் ஊசியைப் பற்றித் தெரியாது. அவர்கள் கண்டது ஒன்றுதான்: ஒரு வெள்ளைக்காரத் துரை எழுந்து நின்று, தங்கள் கோப்பி மூட்டைக்குத் தொப்பியை எடுக்கிறார். பழம் பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். முதல் துளி மழை என் தோளில் விழுந்தது. போதும், கங்காணி, வேலை முடிந்தது, நிறுத்தலாம் என்றேன்.

“தொரை தொப்பிய எடுக்குறாரு, நீங்க நிறுத்தச் சொல்றீங்களா?” என்றார் மாரிமுத்துக் கங்காணி. மூட்டை மாட்ட வந்த ஆளைத் தோளைப் பிடித்து விலக்கினார். அடுக்கில் இருந்ததிலேயே பெரிய மூட்டையாகப் பார்த்துத் தானே இழுத்துவந்து, கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் தள்ளிவிட்டார்.